மணிக்கு நாலு கிலோமீட்டர்

பேரணையில் ஷட்டர் தூக்கியது காலை ஆறே கால்.
மாலையும் மைக்கும் ஏற்றிய கார்கள் திரும்பிப் போனபின்
கால்வாயின் இடது கரையில்
நானும், லஸ்கர் பால்ச்சாமியின் டிவிஎஸ் ஃபிப்டியும்,
கீழே வந்துகொண்டிருந்த தண்ணீரும்
மட்டும்தான் மிச்சம்.

நான் நினைத்து வந்த தண்ணீர் வேறு.
பாயும், சீறும்,
தடித்த டயரும் நானும் அதோடு பந்தயம் கட்டுவோம் என்று
டயாலிசிஸ் பிரிவில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தவள்.
இதுவோ
விலாசம் தொலைத்த விருந்தாளி மாதிரி
வாசல் வாசலாக நின்று வருகிறது.
ஒரு வெடிப்பைக் கண்டால் உள்ளே இறங்குகிறது.
அங்கிருந்த காற்றைக் கொப்புளமாக வெளியே அனுப்பி
நிரம்பிய பின்தான் அடுத்ததற்கு நகர்கிறது.
அதன் மூக்கில் பழுப்பு நுரை, வேப்பஞ்சருகு,
ஒற்றைச் செருப்பு, குவார்ட்டர் பாட்டில்,
ஓயாமல் இடம் மாறும் எறும்புகள்.

இதற்கு இணையாக ஓட்டுவது லேசில்லை.
மெதுவாகப் போனால் சைக்கிள் சாயும்.
சரளை நொறுநொறுக்க
பத்து மிதி, ஒரு நிறுத்தம்.
பத்து மிதி, ஒரு நிறுத்தம்.
நான் நின்றேவிட்டதாக முடிவுகட்டிய செல்போன்
தூரத்தை எண்ணுவதை விட்டுவிட்டது.

முன்னால் பால்ச்சாமி கத்திக்கொண்டே போகிறார்:
“டேய், ஸ்டம்பப் புடுங்குங்கடா, தண்ணி வருது!”
கால்வாய்க்குள் கடைசி ஓவர்.
“ரெண்டே பாலுண்ணே.”
இரண்டாவது பந்துக்கு
கணுக்கால் நனைய ஓடி வந்தான் வீசுகிறவன்.
அவுட்டா இல்லையா என்ற சண்டை
கரையேறியும் தீரவில்லை.

அடுத்த வளைவில், முளையில் கட்டிய எருமை.
சொந்தக்காரர் யாரையும் காணோம்.
சைக்கிளைச் சரித்துப் போட்டுவிட்டு இறங்கினேன்.
எத்தனையோ கைகளில் நரம்பு தேடிப் பிடித்த விரல்கள்
ஒரு கயிற்று முடிச்சிடம் தோற்றுக்கொண்டிருந்தன.
தண்ணீர் முதலில் அதன் குளம்புக்கு வந்தது,
அப்புறம் என் ஷூவுக்கு.
ஒருவழியாக அவிழ்ந்ததும் அது மேலே ஏறவில்லை.
மாசியிலிருந்து இதற்காகவே நின்றதுபோல
அங்கேயே முன்னங்கால் மடக்கி
வயிற்றை இறக்கிக்கொண்டது.
“அது பாத்துக்கிரும், நீங்க வாங்க,” என்றார் பால்ச்சாமி.

சிறுமலை வெளுத்துப்போன பத்து மணி சுமாருக்கு
முன்சக்கரத்தில் வேலிக்கருவை முள்.
ட்யூப் இல்லாத டயர்,
எருக்கு ஒடித்த மாதிரி வெள்ளையாகக் கசிந்தது.
அது தானாக உறையட்டும் என்று
சக்கரத்தைச் சுற்றிவிட்டு உட்கார்ந்தேன்.
தண்ணீர் என்னைத் தாண்டிப் போனது.

நுனி கண்ணுக்கு மறைந்ததும்
எதிரே இருந்தது வெறும் கால்வாய்,
போன வருஷமும் இப்படியேதான் கிடந்தேன் என்பதுபோல.

மெஷினோடு இணைக்கையில்
தெளிந்த குழாய்க்குள் சிவப்பு நகரும்.
அந்த நுனியைச் சிலர் உற்றுப் பார்ப்பார்கள்,
சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.
திருமங்கலத்து வெள்ளைத்தாய் மட்டும்
கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்,
“வந்துருச்சா?”
வாரம் மூன்று தடவை.
வந்துவிட்டது என்று சொன்னால்தான் கையைத் தளர்த்துவார்.

காற்றடித்துக் கிளம்பிய பிறகு
பிடித்துவிடும் அவசரத்தில்
எங்கே தண்ணீரைத் தாண்டினேனோ தெரியவில்லை.
முட்புதர் மறைத்த இடமாக இருக்கலாம்.
அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மடையருகே
பிரேக் பிடித்தபோது
கால்வாய்க்குள் ஒரு நாய் மண்ணில் புரண்டுகொண்டிருந்தது.

கரைக்குக் கீழே மம்பட்டியோடு ஒரு பெண்
அண்ணாந்து கேட்டாள்:
“வந்துருச்சா?”

திரும்பிப் பார்த்தேன்.
சரளையில் என் தடம் ஒன்றுதான்.
“வருதுக்கா.”
“எம்புட்டு நேரமாகும்?”
“மணிக்கு நாலு கிலோமீட்டர்.”

கணக்குப் போட்டாளா தெரியாது.
மம்பட்டியைச் சாய்த்து வைத்தாள்,
தூக்குவாளியைத் திறந்தாள்.
“அப்ப உனக்கும் நேரமிருக்கு. எறங்கி வா.”